நானூற்று நாற்பத்தெட்டுக்கு மேல்

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆன பிறகு, போன மாதம் என் பழைய பிரிவிலிருந்து ஒரு போன் வந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நித்யா பேசினாள்.

"சார், புது கம்பைலர் அனுப்பியிருக்காங்க. கணக்கு எல்லை மீறி ஓவர்ஃப்ளோ ஆனா உச்ச எண்லயே நிறுத்தணுமா வேணாமான்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. நீங்க எல்லா மிஷினுக்கும் நிறுத்தணும்னு வச்சிருக்கீங்க. ஏன்னு எங்கயுமே எழுதல. எடுத்துடலாமா? வேகம் கொஞ்சம் கூடும்னு போட்டிருக்கு."

எடுக்காதே என்றேன். காரணம் கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். காரணத்தை எங்கேயும் எழுதாமல் வந்தது மறதியால் அல்ல. எழுதினால் என் பெயரையும் அதில் எழுத வேண்டியிருந்திருக்கும். அந்த வீரம் எனக்கு அப்போது இல்லை.

நான் படித்தது டிப்ளமோ. கிண்டியில் ஒரு வருஷம் அப்ரண்டிஸ், அம்பத்தூரில் பதினான்கு வருஷம், மிச்சமெல்லாம் ஒரகடம். மீட்டர் பழுதுபார்க்கப் போனவன் மீட்டருக்குள் இருந்த சிப்புக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டது திறமையால் அல்ல, வேறு ஆள் இல்லாததால். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கீபோர்டைத் தட்டுவதற்கு நான்தான் கிடைத்தேன்.

அம்பத்தூரில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். பெட்ரோல் டேங்குக்குள் காற்றை அடைத்து, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் எந்திரம் ஒன்று இருந்தது. கசிவை எட்டு பிட்டில் எண்ணும். எட்டு பிட்டில் 255 வரைதான் எண்ண முடியும்; அதைத் தாண்டினால் மறுபடி சைபரிலிருந்து தொடங்கிவிடும். ஊசித்துளை உள்ள டேங்கைச் சரியாகப் பிடித்த எந்திரம், கட்டைவிரல் நுழையும் ஓட்டை உள்ள டேங்கை நல்லது என்று அனுப்பிவிட்டது. எண் ஒரு சுற்றுச் சுற்றி மூன்றில் வந்து நின்றிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான். சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் செய்ததற்கு 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

ஒரகடத்தில் நாங்கள் லாரிகளின் பிரேக்கைத் தாங்கும் பிராக்கெட் செய்தோம். வார்ப்பிரும்பு; இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். விரிசல் இருக்கிறதா என்று அறியத் தட்டிப் பார்ப்பது வழக்கம். நல்ல பிராக்கெட் நீளமாக ஒலிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்று அடங்கிவிடும். முன்பு காதால் கேட்டார்கள். பிறகு எந்திரம் வந்தது. சின்னச் சுத்தியல் ஒன்று தட்டும், மைக் கேட்கும், டிபன் பாக்ஸ் அளவுள்ள பெட்டிக்குள் இருக்கும் சிப் அந்த ஒலியைக் கணக்குப் போட்டு ஒரு மதிப்பெண் காட்டும். அறுபதுக்கு மேல் போனால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. கடைசியில் ஒருவர் பிராக்கெட்டைக் கண்ணால் பார்த்துத் தன் முத்திரையைக் குத்தி வண்டியில் ஏற்றுவார்.

அந்தச் சிப் மலிவானது, வேகமானது. தசம எண்களை எட்டே பிட்டுக்குள் அடக்கிவிடும். வழக்கமான முப்பத்திரண்டு பிட் எண்ணில் கணக்கு எல்லை மீறினால் 'முடிவிலி' என்று ஒரு மதிப்பு வரும். முடிவிலி எந்த வரம்பையும்விடப் பெரியது என்பதால் சிவப்பு எரிந்துவிடும். எட்டு பிட்டில் இடம் குறைவு. முடிவிலிக்கு இடம் ஒதுக்கினால் சில நல்ல எண்கள் வீணாகும் என்று, இந்த வடிவத்தை வகுத்தவர்கள் அதையே எடுத்துவிட்டார்கள். இதில் மிகப் பெரிய எண் 448. அதற்கு முந்தையது 416. அந்த வரிசைப்படி அடுத்தது 480 ஆக இருக்க வேண்டும். அந்த இடத்தை 'இது எண்ணே அல்ல' என்று சொல்லும் ஒரு குறிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அப்படியானால் கணக்கில் ஐந்நூறு வந்தால் என்ன ஆகும்? நாம் எழுதும் நிரலைச் சிப்புக்கான கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர்தான் அதை முடிவு செய்கிறது. இரண்டு வழி உண்டு. ஒன்று, எடை எந்திரத்தின் முள் கடைசிக் கோட்டில் முட்டி நிற்பதுபோல 448-லேயே நிறுத்திவிடுவது. இன்னொன்று, 'எண் அல்ல' என்ற குறியைப் போட்டுவிடுவது. இரண்டாவதுதான் நேர்மையானது என்பார்கள். கணக்கு கெட்டுவிட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது அல்லவா. ஆனால் எண் அல்லாத ஒன்றை எடுத்து 'அறுபதைவிடப் பெரியதா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே பதில் வரும். 'சிறியதா?' என்று கேட்டாலும் 'இல்லை'தான். என் நிரல் முதல் கேள்வியை மட்டும் கேட்டது. பெரியது என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஷிப்டும் தொடங்குமுன் சிவப்பு பெயின்ட் அடித்த ஒரு பிராக்கெட்டை எந்திரத்தில் வைப்போம். மயிரிழை விரிசல் உள்ள பிராக்கெட் அது. மதிப்பெண் எழுபது பக்கம் வரும், சிவப்பு எரியும். எரிந்ததும் தாளில் டிக் போட்டுக் கையெழுத்து. சிவப்பு பிராக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வரம்பைக் கொஞ்சமே தாண்டியதாகப் பார்த்துத்தான் எடுப்போம். அதைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்பது எண்ணம். சின்ன விரிசலைப் பிடிக்கிற எந்திரம் பெரிய விரிசலை விட்டுவிடுமா என்ன? பாதி பிளந்த பிராக்கெட்டை யாரும் சிவப்பு அடித்து வைத்ததில்லை. அது நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போகும். எந்திரத்துக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்தபோதும் மயிரிழைகளை வைத்தே கற்றுக்கொடுத்தோம்.

சிப் கம்பெனி புதிய கம்பைலரை அனுப்பியது. கூடவே மாற்றங்களின் பட்டியல், பன்னிரண்டு பக்கம். ஏழாவது பக்கத்தில் ஒரு வரி: எல்லை மீறும் மதிப்புகள் இனி உச்ச எண்ணில் நிறுத்தப்பட மாட்டா, பழைய முறை வேண்டுவோர் இந்த ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளவும். நான் அந்த வரியைப் படித்தேன். படிக்காமல் விட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. படித்துவிட்டு, நம் மதிப்புகள் இருநூறையே தாண்டுவதில்லையே என்று அடுத்த வரிக்குப் போனேன். புதிய நிரலை ஏற்றினேன். சிவப்பு பிராக்கெட்டை வைத்தேன், சிவப்பு எரிந்தது, கையெழுத்துப் போட்டேன்.

கடைசிப் பார்வை மேசையில் மகேஸ்வரி இருந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண், கான்ட்ராக்டில் ஆறு வருஷம். அப்போது முப்பத்துநாலு வயது. அந்த வருஷம் நிரந்தரம் செய்வதற்கு எழுதிய பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது. மேசை முழுக்கத் தன் சாமான்களை ஒரே வரிசையில் வைத்திருப்பாள்: டார்ச், துணி, முத்திரை, மை. யாராவது நகர்த்தினால், "இன்னா சார், எடுத்தா எடுத்த எடத்துல வெக்க மாட்டீங்களா?" என்று என்னையே கேட்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

புதிய நிரல் ஏற்றி மூன்று வாரம் இருக்கும். ஒரு பிராக்கெட்டுக்குப் பச்சை எரிந்தது. ஆனால் மதிப்பெண் வரும் கட்டத்தில் எண் இல்லாமல் வெறும் கோடுகள் வந்தன. சத்தமும் சரியில்லை என்று மகேஸ்வரிக்குத் தோன்றியது. பிராக்கெட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு லைன் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். சங்கரபாண்டி திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். அன்றைக்கு வண்டி லோடுக்குக் காத்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். விரிசல் உள்பக்கம், விலா என்று நாங்கள் சொல்லும் மேட்டு வரியின் மடிப்புக்குள் ஓடியிருந்ததால் வெளியே தெரியவில்லை.

"பச்சை எரியுதுல்லா? பெறகு என்னம்மா யோசனை? குத்தி ஏத்து."

"நம்பரே வரல சார். கோடு கோடாக் கீது."

"ஸ்கிரீன் பழுதா இருக்கும், நாளைக்குப் பாக்கச் சொல்லுதேன். மெஷின் நல்லதுன்னா நாம மாத்தப்பிடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கால்லியா?"

ஒட்டியிருந்தது உண்மை. அந்தத் தாளில் இருந்த கையெழுத்தும் என்னுடையது. எந்திரம் வந்த புதிதில் ஆளாளுக்குக் காதை நம்பி நல்லதையெல்லாம் ஒதுக்கினார்கள் என்று நான் போட்ட விதி அது. மகேஸ்வரி முத்திரை குத்தினாள்.

அந்த பிராக்கெட் லாரித் தொழிற்சாலையில் போல்ட்டை முறுக்கும்போதே இரண்டாகப் போனது. யாருக்கும் அடிபடவில்லை. திங்கட்கிழமை புகார் வந்தது, உடைந்த துண்டுகளும் வந்தன. செவ்வாய்க்கிழமை எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அதே அச்சில் வார்த்த கழிவுத் தொட்டி பிராக்கெட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வைத்தேன். மயிரிழை: சிவப்பு. இன்னொரு மயிரிழை: சிவப்பு. விலா பிளந்தது ஒன்றை வைத்தேன். பச்சை, கோடுகள். மறுபடி வைத்தேன். பச்சை. பழைய கம்பைலரில் ஆக்கிய நிரலை ஏற்றி அதையே வைத்தேன், உடனே சிவப்பு. அம்பத்தூர் டேங்க் கண் முன்னால் வந்தது. அன்று மதியம் நான் சாப்பிடவில்லை.

புதன்கிழமை காலை பிரிவுத் தலைவர் மாதவனிடம் போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் என்னை எப்போதும் 'பாஸ்கர் சார்' என்றுதான் கூப்பிடுவார். நான் உள்ளே போனால் எழுந்து நிற்பார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அறிக்கை எதைக் கொடுத்தாலும் ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தி, வாய்க்குள் படிப்பார். பேனா மூடியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார், கடைசி வரி முடியும்வரை கையெழுத்து மட்டும் போட மாட்டார். ஒரு வரியில் ஸ்கேல் நின்றுவிட்டால், "இதுக்கு ஆதாரம்?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். எதிரே இருப்பவர் அந்த மௌனம் தாங்காமல் எதையாவது பேசி மாட்டிக்கொள்வார். வேலையில் அவ்வளவு சுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவரிடம் போனால் நியாயம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

என் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். எந்த வரியிலும் ஆதாரம் கேட்கவில்லை.

"சரியா கண்டுபிடிச்சிருக்கீங்க. இன்னைக்கே சரிபண்ணிடுங்க. ஸ்டாக்ல இருக்கறது, வெளிய போனது, மூணு வாரச் சரக்கு மொத்தத்தையும் கூடுதல் சோதனைன்னு சொல்லி வரவழைச்சு மறுபடி தட்டிடுவோம். ஒண்ணுகூட ரோட்டுக்குப் போகக் கூடாது."

அப்படியே செய்தோம். இன்னும் இரண்டு பிராக்கெட் சிக்கின. அந்த விஷயத்தில் அவர் மேல் குறை சொல்ல மாட்டேன்.

பிறகு ஸ்கேலை ஓரமாக வைத்தார். "ஆனா கஸ்டமருக்குப் போற அறிக்கைல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு பாஸ்கர் சார். அதுல சாஃப்ட்வேர்னு எழுதினா அடுத்த கேள்வி, வேற எந்தெந்த மிஷின்ல இது இருக்குன்னு வரும். அதுக்கடுத்து, யார் ஏத்தினது, யார் சரிபார்த்ததுன்னு வரும். கடைசிப் பார்வைல தவறிடுச்சுன்னு எழுதினா, அதோட முடிஞ்சுடும்."

"விசாரிச்சேன் சார், அந்தப் பொண்ணு அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கா."

"எழுதியிருக்காங்களா?"

இல்லை என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் ஓய்வு பெற அப்போது ஒன்றரை வருஷம் இருந்தது. மௌனம் தாங்காமல் நானும் பேசினேன். "உங்க இஷ்டம் சார்" என்றேன். அந்த மூன்று வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை விசாரணை. கான்ட்ராக்டர் ஆள், பெர்சனல் அதிகாரி, சங்கரபாண்டி, நான். மகேஸ்வரியை உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. எண் வரவில்லை, கோடு கோடாக வந்தது என்று மூன்று தடவை சொன்னாள். பெர்சனல் அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. சங்கரபாண்டி, தனக்கு அப்படி ஞாபகம் இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவருக்கும் இரண்டு பெண் குழந்தைகள்.

மகேஸ்வரி என் பக்கம் திரும்பினாள். "சார், நீங்கதானே அத்த வெச்சிக் குடுத்தவரு. நீங்க சொல்லுங்க. மிஷினு தப்பாக் காட்டுமா, காட்டாதா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஷிப்ட் தாளைப் புரட்டினேன். "அன்னைக்குக் காலையில சிவப்பு பிராக்கெட்டை மிஷின் சரியாத்தான் காட்டியிருக்கு" என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டிக் இருந்தது, கையெழுத்து இருந்தது, மாதவன் சார் கேட்டிருந்தால் ஆதாரம் இருந்தது. மகேஸ்வரி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை.

நிரலைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. அந்த ஆப்ஷனைச் சேர்த்தேன். கூடவே, மதிப்பெண் எண்ணாக இல்லாவிட்டாலும் சிவப்பு எரியட்டும் என்று ஒரு வரி. பிளந்த பிராக்கெட் ஒன்றுக்கும் சிவப்பு அடித்து இரண்டாவது சோதனைத் துண்டாக வைத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் தரம் பார்க்க வந்த ஆடிட்டர் சொன்னார் என்றேன்.

மூன்று மாதம் கழித்து மகேஸ்வரி எனக்குப் போன் செய்தாள். எந்தத் தொழிற்சாலை கேட்டுக்குப் போனாலும் முந்தைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள், கான்ட்ராக்டர்கள் ஒருவருக்கொருவர் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றாள். "நீங்க ஒரு லெட்டரு மட்டும் குடுங்க சார். எம்மேல தப்பு இல்லன்னு ரெண்டே வரி. வேற ஒண்ணும் வாணாம்." பார்க்கலாம்மா என்றேன். இன்னும் இரண்டு தடவை அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கவில்லை. அப்புறம் வரவில்லை.

நான் நல்லபடியாக ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். மாதவன் பேசும்போது, என் காலத்தில் தட்டுச் சோதனை எந்திரம் ஒரே ஒரு நாள்தான் நின்றது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் சிரித்தேன்.

நித்யாவின் போன் வந்த அன்று கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நான்கு நாள் ஆனது. எழுதுவதில் கஷ்டம் இல்லை. 'நான்' என்ற சொல்லைப் போட வேண்டிய இடத்திலெல்லாம் கை தானாக 'மென்பொருள்' என்று எழுதியது. அடித்து அடித்து எழுதினேன். நித்யாவுக்கு ஒரு நகல் அனுப்பினேன், மாதவனுக்கு ஒன்று. மாதவனிடமிருந்து பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

மகேஸ்வரி வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தண்டலத்தில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலையாம். காய் நறுக்குவது, தட்டு கழுவுவது. என்னை அடையாளம் கண்டதும் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே கடைசி வரை படித்தாள்.

"இத்த அப்ப குடுத்திருந்தா ஒவ்வொரு கேட்டாப் போய்க் காமிச்சிருப்பேன். இப்ப முப்பத்தாறு முடிஞ்சிடிச்சி சார். முப்பத்தஞ்சுக்கு மேல எவன் உள்ள வுடறான்?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. கடிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"உள்ள வாங்க. வூட்டுக்காரரு கீறாரு. ரெண்டு வருசமா, தூங்கி வழிஞ்சிதான் வேலையத் தொலைச்சேன்னு சொல்லிக்கினு கீறாரு. நான் சொன்னா எடுபடாது. நீங்க உங்க வாயால படிங்க."

ஏழுமலை கம்பெனி பஸ் டிரைவர். கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மகேஸ்வரி போய் டிவியை நிறுத்தினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எந்திரத்தில் எண் வரவில்லை என்பதை மகேஸ்வரி அப்போதே சொன்னார். அந்த எந்திரத்தின் மென்பொருளை மாற்றியவன் நான். மாற்றத்தின் விளைவு பற்றிய வரியைப் படித்தும் பொருட்படுத்தாதவன் நான். விசாரணைக்கு முன்பே உண்மை எனக்குத் தெரியும். விசாரணையில் நான் அதைச் சொல்லவில்லை.

ஏழுமலை என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இவ ஒழுங்காத்தான் பாத்தாளா?"

"ஒழுங்காத்தான் பாத்தாங்க. நான்தான் சொல்லல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகேஸ்வரி சுவரில் சாய்ந்து, கைகட்டி, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தபா படிங்க சார்" என்றாள். "மெதுவா."

முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.